கெபாசிட்டர் எங்கே முடிகிறது, பிசிபி எங்கே தொடங்குகிறது?

வாசகர் கேள்வி – பதில்

மைக்ரோவேவ் சர்க்யூட்டில் கெபாசிட்டர், இண்டக்டர், ரெசிஸ்டர் போன்ற உதிரிகளை வைத்து மின்காந்த சிமுலேஷன் செய்வதில் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். ஒரே கேள்வியைப் பலர் வேறு வேறு வார்த்தைகளில் கேட்டிருந்ததால் சேர்த்துவிட்டேன். செமஸ்டர் கேள்வித்தாளை அப்படியே படம் பிடித்து அனுப்பியவர்களுக்கு மட்டும் பதில் கிடையாது.

ம. ரா., கோவை: இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்காக 2.45 கிகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டருக்குப் பின்னால் போட ஐந்து உதிரி கொண்ட லோ-பாஸ் ஃபில்டர் செய்தோம். 1.6 மி.மீ. எஃப்ஆர்4 (சாதாரணக் கண்ணாடி இழை பிசிபி பலகை), எல்லாம் 0603 அளவு, நடுவில் கிரவுண்டுக்குப் போகும் கெபாசிட்டர் 2.2 பிகோஃபாரட். சர்க்யூட் சிமுலேஷனில் அருமையாக வந்தது. செய்து அளந்தால் 2.45-லேயே சிக்னல் விழுகிறது. மூன்றாவது ஹார்மோனிக்கான 7.35-இல் சொல்லிக்கொள்ளும்படி தடுப்பும் இல்லை. கெபாசிட்டர் போலியா?

கெபாசிட்டர் அசல்தான். நீங்கள் வைத்தது கெபாசிட்டர் மட்டும் இல்லை, அதுதான் சிக்கல். கரண்ட் போகும் வழியிலேயே போய்ப் பாருங்கள். டிராக்கின் அகலம் 3 மி.மீ. இருக்கும், இந்த எஃப்ஆர்4-இல் 50 ஓமுக்கு அவ்வளவு வேண்டும். அதில் வரும் கரண்ட் பக்கவாட்டில் திரும்பி, 0603-இன் ஒரு முனையில் ஏறி, 1.6 மி.மீ. நீளத்தைக் கடந்து, மறுமுனையில் பேடில் (உதிரியை ஈயம் வைக்கும் செப்புத் திட்டு) இறங்குகிறது. அங்கிருந்து வயா (பலகையைத் துளைத்துக் கீழே போகும் உலோகம் பூசிய துளை) வழியாக இன்னும் ஒரு 1.6 மி.மீ. கீழே போன பிறகுதான் கிரவுண்டைத் தொடுகிறது. வழி முழுக்க இண்டக்டன்ஸ். 0.3 மி.மீ. துளை கொண்ட ஒற்றை வயாவை, கோல்ட்ஃபார்பும் புசெலும் 1991-இல் கொடுத்த சூத்திரத்தில் போட்டால் 0.54 நானோஹென்றி வருகிறது. கெபாசிட்டர் உடம்புக்கும் ஏறத்தாழ அதே அளவு வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1.1 நானோஹென்றி.

இந்த 1.1 நானோஹென்றி 2.2 பிகோஃபாரட்டோடு தொடரில் உட்கார்ந்து 3.2 கிகாஹெர்ட்ஸில் ரெசொனன்ஸ் ஆகிறது. 2.45 என்பது அதற்குக் கிட்டத்தில். அந்த இடத்தில் உங்கள் 2.2 பிகோஃபாரட் 5.2 பிகோஃபாரட் போல நடந்துகொள்ளும். சிக்னல் விழாமல் என்ன செய்யும்? 7.35-இல் தனிக் கெபாசிட்டராக இருந்தால் 10 ஓமுக்கும் கீழே இருந்திருக்க வேண்டும். இப்போது அது இண்டக்டர், 41 ஓம். ஹார்மோனிக் தாராளமாகத் தாண்டிப் போகும்.

இரண்டு 0.82 பிகோஃபாரட்டை வாங்கி டிராக்கின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக வையுங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வயா. ஒவ்வொன்றும் அதே 1.1 நானோஹென்றியோடு சேர்ந்தாலும் இரண்டும் இணைந்து 2.45-இல் 2.1 பிகோஃபாரட் ஆகத் தெரியும். ரெசொனன்ஸும் 5.3-க்கு ஏறிவிடும், அதாவது இரண்டாம் ஹார்மோனிக்கான 4.9-க்குப் பக்கத்தில். அங்கே தடுப்பு இலவசமாகக் கிடைக்கிறது. பழைய கைகள் இதை வேண்டுமென்றே செய்வார்கள். இது காகிதக் கணக்கு. இரண்டு வயாக்களும் ஒன்றையொன்று பாதிப்பதையும் பேடின் கெபாசிட்டன்ஸையும் நான் சேர்க்கவில்லை. அதற்குத்தான் மின்காந்த சிமுலேஷன்.

இ. செ., திருநெல்வேலி: மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தீர்க்கிற மென்பொருளுக்குள் ஒரு ரெசிஸ்டரை எப்படி வைக்கிறார்கள்? புலத்துக்கு ரெசிஸ்டர் என்றால் என்ன தெரியும்?

ஒன்றும் தெரியாது. கிர்க்காஃப் தன் சர்க்யூட் விதிகளை எழுதியது 1845-இல், மாணவராக இருந்தபோது. மேக்ஸ்வெல்லின் புலக் கோட்பாடு அச்சானது 1865-இல். முன்னவரின் உலகத்தில் வயருக்கு நீளமில்லை, உதிரிக்கு உடம்பில்லை. பின்னவரின் உலகத்தில் எல்லாமே இடத்தை அடைத்துக்கொண்டுதான் இருக்கும். இந்த இரண்டையும் ஒரே கணக்கில் கட்டிப்போடும் வேலை இது.

எளிதாகப் பார்க்க 1966-இல் கேன் யீ கொடுத்த முறையையே எடுத்துக்கொள்வோம். எஃப்டிடிடி என்று இன்று சொல்வது அதைத்தான். இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டுகிறோம். ஒவ்வொரு கட்டத்தின் விளிம்பிலும் ஒரு மின்புல மதிப்பு. முகத்தின் நடுவில் ஒரு காந்தப்புல மதிப்பு. காலத்தையும் துண்டு போட்டு, ஒன்றிலிருந்து ஒன்றை மாற்றி மாற்றிக் கணக்கிட்டுக்கொண்டே போகிறோம். இதில் ரெசிஸ்டர் வைப்பதென்றால் ஒரு விளிம்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த விளிம்பின் மின்புலத்தை அதன் நீளத்தால் பெருக்கினால் வோல்டேஜ். வோல்டேஜை ஓமால் வகுத்தால் கரண்ட். அந்தக் கரண்டைக் கட்டத்தின் குறுக்குப் பரப்பால் வகுத்து, ஆம்பியர் விதியில் கரண்ட் அடர்த்தி இருக்கும் இடத்தில் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. மின்புலத்தின் பழைய மதிப்புக்கும் புதிய மதிப்புக்கும் சராசரி எடுத்து அந்த இடத்தில் போட வேண்டும். இல்லையென்றால் குறைந்த ஓம் மதிப்புகளில் கணக்கு வெடித்துவிடும். கெபாசிட்டருக்கு வோல்டேஜ் மாறும் வேகத்தைப் பார்க்க வேண்டும். இண்டக்டருக்கு வோல்டேஜைக் காலம் நெடுகக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். சூயி, கிறிஸ்டென்சன், டர்னி மூவரும் 1992-இல் இதை இரு பரிமாணத்தில் செய்தார்கள். பிக்கெட்-மே, டாஃப்லவ், பரோன் 1994-இல் முப்பரிமாணத்துக்குக் கொண்டுபோய் டையோடு, டிரான்சிஸ்டர் வரை சேர்த்தார்கள்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மென்பொருளைப் பொறுத்தவரை ரெசிஸ்டர் என்பது ஒரு விளிம்பில் கூடுதலாக ஓடும் கரண்ட். அதற்குப் பீங்கான் உடம்பு இல்லை, ஈயப் பற்று இல்லை, பிசிபியிலிருந்து உயரம் இல்லை. 0603 என்று அதற்குப் பெயர் வைத்தாலும் அதன் நடத்தை மாறாது. நீங்கள் வரைந்தது மட்டும்தான் புலத்தில் இருக்கும்; வரையாததை உதிரியின் மாடலில் சேர்த்திருக்க வேண்டும். இந்தக் கோட்டை எங்கே போடுகிறீர்கள் என்பதில்தான் மற்ற எல்லாக் கடிதங்களின் கேள்விகளும் வந்து முட்டுகின்றன.

பெயர் வேண்டாம், திருச்சி: மெஷ்ஷை (கட்டங்களின் வலையை) நுணுக்க நுணுக்க விடை ஒரு இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று படித்தேன். என் மாடலில் மேட்சிங் இண்டக்டர் ஒன்று இருக்கிறது. கட்டத்தை 0.4 மி.மீ.-இலிருந்து 0.1 மி.மீ. ஆக்கியதும் ரெசொனன்ஸ் கீழே நகர்ந்துவிட்டது. இன்னும் நுணுக்கினால் இன்னும் நகர்கிறது. கம்ப்யூட்டர் போதவில்லையா?

கம்ப்யூட்டர் மேல் தவறில்லை. உதிரியை ஒற்றை வரிசைக் கட்டத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று உங்கள் படத்தில் தெரிகிறது. இரண்டு பேடுக்கு நடுவில் ஒற்றை விளிம்பு வரிசையாகக் கரண்ட் ஓடினால், புலத்துக்கு அது ஒரு மெல்லிய கம்பி. அந்தக் கம்பியின் ஆரம் ஏறத்தாழ கட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கு. கட்டத்தை நான்கில் ஒன்றாக்கினீர்கள். கம்பியும் நான்கில் ஒன்றாக மெலிந்துவிட்டது. கம்பி மெலிந்தால் இண்டக்டன்ஸ் ஏறும், லாகரிதக் கணக்கில். ஒரு மில்லிமீட்டருக்கு 0.2 நானோஹென்றியை நான்கின் இயல் லாகரிதத்தால் பெருக்குங்கள்: 0.28 நானோஹென்றி. 2.45-இல் அது 4 ஓமுக்கு மேல். நீங்கள் மெஷ்ஷைத்தான் மாற்றினீர்கள். மென்பொருளோ உங்கள் உதிரியையே மாற்றிவிட்டது. இது ஒருக்காலும் ஒரு இடத்தில் நிற்காது, ஏனென்றால் பூஜ்ய ஆரம் கொண்ட கம்பிக்கு இண்டக்டன்ஸ் எல்லையில்லாதது.

உதிரியை அதன் அசல் அகலத்துக்குப் பரப்பிக் கொடுங்கள். 0402 என்றால் நீளம் 1 மி.மீ., அகலம் 0.5 மி.மீ. அந்தப் பரப்பு முழுக்கக் கரண்ட் பங்கிட்டு ஓடும்படி பெட்டியாக வைத்தால், கட்டத்தை எவ்வளவு நுணுக்கினாலும் கரண்டின் அகலம் மாறாது, விடையும் நிற்கும். என் பழக்கத்தைச் சொல்கிறேன்: உதிரியின் அளவில், அதன் உயரத்தில், ஒரு உலோகக் கட்டையை வரைந்து நடுவில் சிறு இடைவெளி விட்டு, இடைவெளியில் மட்டும் உதிரியை வைப்பேன். உடம்பின் இண்டக்டன்ஸைப் புலமே பார்த்துக்கொள்ளும். அப்போது மாடலில் அந்த இண்டக்டன்ஸைத் திரும்பவும் சேர்க்கக் கூடாது. இடைவெளியின் சொந்தக் கெபாசிட்டன்ஸும் சும்மா இருக்காது. சின்ன மதிப்புக் கெபாசிட்டர்களில் அதைக் கழித்தாக வேண்டும்.

கு. த., யாழ்ப்பாணம்: உதிரி தயாரிப்பாளர் கொடுக்கும் எஸ்2பி ஃபைலை (உதிரியின் இரு முனைகளில் அளந்த பதிவு) அப்படியே மின்காந்த மாடலின் போர்ட்டில் (சிக்னலை ஏற்றி இறக்கும் முனை) மாட்டினேன். அவர்களே அளந்து கொடுத்தது, இதைவிடத் துல்லியம் வேறென்ன என்று நினைத்தேன். இலட்சிய கெபாசிட்டர் போட்டதைவிட மோசமாக வருகிறதே?

கல்யாண வீட்டில் மொய் எழுத இரண்டு பேர் இரண்டு நோட்டோடு உட்கார்ந்து, ஒரே ஆளின் பணத்தை இரண்டிலும் எழுதிய கதை இது. கூட்டினால் பணம் இருக்காது, கணக்கு மட்டும் இருக்கும்.

அந்த ஃபைலை எடுக்க அவர்கள் ஏதோ ஒரு பிசிபியில், ஏதோ ஒரு தடிமனில், ஏதோ ஒரு அகல டிராக்கில் உதிரியை ஈயம் வைத்து அளந்திருப்பார்கள். அளவையின் பூஜ்யக் கோடு எங்கே என்பதுதான் கேள்வி. பேடின் வெளி விளிம்பிலா, உதிரியின் முனையிலா? வெளி விளிம்பு என்றால் அவர்களுடைய பேடின் கெபாசிட்டன்ஸ் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் உங்கள் பேடையும் வரைந்திருக்கிறீர்கள். இரண்டு பேடுக்கு நடுவே தாவும் புலமும் இரண்டு இடத்திலும் கணக்கில் ஏறிவிட்டது. போதாததற்கு அவர்கள் அளந்த பலகை 0.5 மி.மீ., உங்களுடையது 1.6 மி.மீ. என்றால் கிரவுண்டுக்கு இருக்கும் தூரமே வேறு. அதே உதிரியின் இண்டக்டன்ஸ் இரண்டிலும் ஒன்றாக இருக்காது. கெபாசிட்டருக்குள் இத்தனை நானோஹென்றி என்று ஒரு எண் தனியாகக் கிடையாது. கரண்ட் போய்த் திரும்பும் வளையம் முழுவதும் சேர்ந்துதான் அந்த எண்.

இன்னொன்று. உதிரியைத் தொடரில் வைத்து அளந்த ஃபைலை, ஒரு முனை கிரவுண்டில் இருக்கும்படி வைக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். முனைகளிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் பகுதி தொடரில் ஒரு விதமாகவும் கிரவுண்டுக்கு வைக்கும்போது வேறு விதமாகவும் வேலை செய்யும்.

ஃபைலோடு வரும் குறிப்பில் பலகையின் தடிமன், பேடின் அளவு, பூஜ்யக் கோடு மூன்றும் இருந்தால் பயன்படுத்துங்கள். உங்கள் வரைபடத்தில் அந்தக் கோட்டுக்கு உள்ளே இருப்பதை அழித்துவிடுங்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அந்த ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, ரெசிஸ்டர், இண்டக்டர், கெபாசிட்டர் மூன்றையும் தொடரில் போட்டு நீங்களே ஒரு மாடல் செய்வது மேல்.

வே. ப., சிங்கப்பூர்: எங்கள் ஆண்டெனா மேட்சிங்கில் ஆறு உதிரிகள். ஒரு மதிப்பை மாற்றினால் மூன்று மணி நேரம் ஓடுகிறது. வேறு வழி?

உதிரிகளை எடுத்துவிட்டு அந்த ஆறு இடங்களிலும் போர்ட் வையுங்கள். ஆண்டெனாவின் உள்ளீட்டோடு சேர்த்து ஏழு போர்ட். ஒரே ஒரு முறை ஓட்டி ஏழு போர்ட் எஸ் மேட்ரிக்ஸை (எந்தப் போர்ட்டிலிருந்து எதற்கு எவ்வளவு சிக்னல் போகிறது என்ற அட்டவணை) எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு உதிரிகளைச் சர்க்யூட் சிமுலேட்டரில் மாட்டி மாற்றினால் போதும், மதிப்பை மாற்றும் வேகத்தில் விடை வரும். புலம் உதிரிகளைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு முறை தீர்க்கப்பட்டுவிட்டது. ஆறு இடத்தில் எதை மாட்டினாலும் அந்தத் தீர்வு மாறாது. இது தோராயமும் இல்லை, புலம் நேரியலாக இருக்கும் வரை கணிதப்படி சரி. எஃப்டிடிடி என்றால் ஒவ்வொரு போர்ட்டையும் தனித்தனியே தூண்ட வேண்டும், ஆக ஏழு ஓட்டம். அப்படியும் நீங்கள் இப்போது செலவழிப்பதைவிடக் குறைவுதான். ஃபில்டர் செய்பவர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய், உதிரியே இல்லாத இடத்தில்கூடப் போர்ட் வைத்து அங்கே சிறு கெபாசிட்டர் மாட்டிப் பார்த்து, டிராக்கை எவ்வளவு வெட்டலாம் என்று கண்டுபிடிப்பார்கள்.

உதிரி மாறினால் பேடும் மாறும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 0402-க்காக எடுத்த மேட்ரிக்ஸில் 0603-ஐ மாட்டினால் விடை வரும், அது வேறு யாருடைய பிசிபிக்கோ உரிய விடை.

ஒரு சிறுதொழில் முனைவோர், ஓசூர்: லைசென்ஸ் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. இலவசமாக எதுவும் உண்டா?

உண்டு. புலத்துக்கு ஓப்பன்-இஎம்எஸ், எஃப்டிடிடி முறை, உதிரிகளைப் பெட்டியாக வைக்கும் வசதி இருக்கிறது. பைத்தானிலோ ஆக்டேவிலோ நிரல் எழுதி ஓட்ட வேண்டும், சுட்டியால் இழுத்து வரையும் சுகம் குறைவு. சர்க்யூட் பக்கத்துக்குக் க்யூக்ஸ்-எஸ். கம்பி ஆண்டெனா மட்டும்தான் என்றால் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்த நெக்-2 இன்றும் போதும். அதில் எல்டி என்று ஒரு வரி சேர்த்தால் கம்பியின் நடுவில் சுமை உட்கார்ந்துவிடும். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளில் நேரம் மிச்சமாகும், புரிதல் மிச்சமாகாது.

ஜெ. கா., பெங்களூரு: 865 மெகாஹெர்ட்ஸில் ஒரு லோ-நாய்ஸ் ஆம்ப்ளிஃபையர். பிசிபி முழுவதையும் மின்காந்த முறையில் தீர்த்து, டிரான்சிஸ்டரின் எஸ்2பி ஃபைலை மாட்டினோம். நிலைத்தன்மைக் காரணி எங்கேயும் ஒன்றுக்குக் கீழே போகவில்லை. பிசிபி வந்ததும் 6 கிகாஹெர்ட்ஸ் பக்கம் கத்துகிறது, அதாவது உள்ளீடு இல்லாமலே தானாக அலைகிறது. அத்தனை வயாவையும் வரைந்திருந்தோமே?

வரைந்தீர்கள். கரண்டை அதில் ஓட விட்டீர்களா? கேட், டிரெயின் இரண்டு இடத்திலும் போர்ட் வைத்தீர்கள். அந்தப் போர்ட்களின் கிரவுண்டு எது? மென்பொருளின் பொதுக் கிரவுண்டு, அதாவது பிசிபியின் அடித்தளம். எஸ்2பி ஃபைலுக்குள் டிரான்சிஸ்டரின் சோர்ஸ் அந்த ஃபைலின் கிரவுண்டோடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டையும் மாட்டிய கணத்தில் சோர்ஸ் நேரடியாக அடித்தளத்தைத் தொட்டுவிட்டது. சோர்ஸ் பேடும் வயாவும் படத்தில் அழகாக நிற்கின்றன. டிரான்சிஸ்டரின் கரண்ட் அந்தப் பக்கமே போகவில்லை.

நிஜத்தில் அது அந்த வயா வழியாகத்தான் போகிறது. மேலே கோவைக்காரருக்குச் சொன்ன அதே 0.54 நானோஹென்றி. 865-இல் 3 ஓம். கொஞ்சம் சோர்ஸ் இண்டக்டன்ஸ் மேட்சிங்குக்கு நல்லதும்கூட, அதனால் அங்கே யாருக்கும் சந்தேகம் வராது. 6 கிகாஹெர்ட்ஸில் அதுவே 20 ஓம், உள்ளேயும் வெளியேயும் பொதுவாக. அந்த அலைவெண்ணிலும் கெயின் மிச்சமிருக்கும் டிரான்சிஸ்டர் கத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சோர்ஸ் பேடிலும் ஒரு போர்ட் வையுங்கள். சர்க்யூட் சிமுலேட்டரில் எஸ்2பி ஃபைலின் ரெஃபரன்ஸ் முனையைப் பொதுக் கிரவுண்டிலிருந்து பிரித்து அந்தப் போர்ட்டில் கட்டுங்கள். இப்போது கரண்டுக்கு வயாவைத் தவிர வேறு வழியில்லை. டிரான்சிஸ்டர் தயாரிப்பாளர் அளந்தபோது அவர்களுடைய வயாவும் ஃபைலுக்குள் சேர்ந்திருக்கிறதா என்று குறிப்பைப் பாருங்கள். சேர்ந்திருந்தால் மறுபடியும் மொய்க் கணக்குதான். இன்னொன்று, 865 பட்டைக்கு மட்டும் புலத்தைத் தீர்த்துவிட்டு மீதியை மென்பொருளின் ஊகத்துக்கு விடாதீர்கள். டிரான்சிஸ்டருக்குக் கெயின் இருக்கும் வரை, ஏறக்குறைய டிசியிலிருந்து தொடங்கி, தீர்த்தாக வேண்டும்.

சி. ந., மதுரை: கோடு எங்கே போடுவது என்ற தகராறே வேண்டாம். கெபாசிட்டரின் உள் தகடுகளையும் வரைந்து முழுவதையும் புலமாகத் தீர்த்தால் என்ன?

முதல் தடை, தகடு எத்தனை, தடிமன் எவ்வளவு என்று தயாரிப்பாளர் சொல்ல மாட்டார். சொன்னாலும், அடுக்குகள் மைக்ரோமீட்டர் கணக்கில் இருக்கும். எஃப்டிடிடியில் காலத் துண்டு கட்டத்தின் அளவைப் பொறுத்தது. ஒரு துண்டு நேரத்தில் அலை ஒரு கட்டத்தைத் தாண்டிவிடக் கூடாது என்ற கூரண்ட் நிபந்தனையை மீற முடியாது. கட்டம் 0.1 மி.மீ. என்றால் ஒரு துண்டு 0.19 பிகோசெகண்ட், 2.45 கிகாஹெர்ட்ஸின் ஒரு சுற்றுக்கு 2,100 துண்டு. 1 மைக்ரோமீட்டர் என்றால் ஒரு சுற்றுக்கே 2,12,000 துண்டு. சில பத்துச் சுற்றுகளாவது ஓட வேண்டும், கட்டங்களின் எண்ணிக்கை ஏறியது தனி. உதிரியையே தயாரிப்பவர்கள் ஒற்றைக் கெபாசிட்டரை இப்படித் தீர்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. உங்கள் பிசிபிக்குத் தேவையில்லை.

ஆனால் உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் இருக்கிறது. அடுக்குக் கெபாசிட்டரைத் தகடுகள் படுக்கையாக இருக்கும்படி வைப்பதற்கும், பக்கவாட்டில் திருப்பி நிற்கும்படி வைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. நிற்க வைத்தால் முதல் பேரலல் ரெசொனன்ஸ் அடங்கிப் போகும். அகலப் பட்டை வேலைகளில் இதற்காகவே கெபாசிட்டரைத் திருப்பி வைப்பார்கள். ஒற்றை விளிம்பு மாடலுக்கு இந்த வித்தியாசம் சுத்தமாகத் தெரியாது. உடம்பின் அகலமும் உயரமும் ஒன்றாக இருக்கும் உதிரியில் வெளியிலிருந்து பார்த்து எந்தப் பக்கம் என்று நமக்கும் தெரியாது. டேப்பில் எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று டேட்டா ஷீட்டில்தான் தேட வேண்டும்.

பலர்: எஃப்ஆர்4-இல் எத்தனை கிகாஹெர்ட்ஸ் வரை போகலாம்?

2.45-இல் தயங்காமல். 5.8-இல் டிராக் குட்டையாக இருந்தால். அதற்கு மேல், 0.02 என்ற லாஸ் டேஞ்சென்டை (பலகை சிக்னலைத் தின்னும் அளவு) வைத்துக்கொண்டு ஃபில்டர் செய்து பேராசிரியரைத்தான் திருப்திப்படுத்தலாம். அலைநீளத்தைத் தீர்மானிக்கும் பெர்மிட்டிவிட்டியும் 4.2, 4.6 என்று கட்டுக்குக் கட்டு மாறும், சிமுலேட்டரில் 4.40 என்று இரண்டு தசமம் போட்டுவிட்டால் அது நிலைத்துவிடாது.

ஹே. மு., சேலம்: சிமுலேஷனை நம்புவதா, அளந்ததை நம்புவதா?

இரண்டிடமும் உன் பூஜ்யம் எங்கே என்று கேளுங்கள். 1.6 மி.மீ. எஃப்ஆர்4-இல் 50 ஓம் டிராக்கில் 2.45 கிகாஹெர்ட்ஸின் அலைநீளம் 67 மி.மீ. எஸ்எம்ஏ கனெக்டரின் வாயில் கேலிபரேட் செய்துவிட்டு, அங்கிருந்து உதிரி வரை உள்ள 10 மி.மீ. டிராக்கை மறந்தால், ஸ்மித் சார்ட்டில் (இம்பீடன்ஸைக் காட்டும் வட்டப் படம்) புள்ளி 107 டிகிரி சுற்றிப் போய் வேறிடத்தில் நிற்கும். கெபாசிட்டர் இண்டக்டராகத் தெரியும். அளவையும் பொய்யில்லை, சிமுலேஷனும் பொய்யில்லை, இரண்டும் வேறு வேறு இடத்தில் நின்று பார்க்கின்றன.

நான் யாருக்கும் சொல்லும் முறை: அதே பேட், அதே வயாவோடு மூன்று சின்னப் பலகைகளைக் கூடவே அடித்து வாங்குங்கள். ஒன்றில் உதிரி இல்லாமல் வெறும் பேட். ஒன்றில் உதிரி இடத்தில் தகடு வைத்து மூடியது. மூன்றாவதில் நேர் டிராக். இந்த மூன்றும் சிமுலேஷனோடு ஒத்துப்போகும் வரை உதிரியைக் கையில் எடுக்காதீர்கள். வெறும் பேட் ஒத்துப்போகாமல் ஃபில்டர் ஒத்துப்போனால் அது தற்செயல். நானோவிஎன்ஏ (இதை அளக்கும் மலிவான கையடக்கக் கருவி) வைத்திருப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள்: பரவலாகக் கிடைக்கும் முதல் வகை 1.5 கிகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும். 2.45-க்கு 3 கிகாஹெர்ட்ஸ் வரை போகும் வகை வேண்டும்.

அ. லி., சென்னை: ரிச்சித் தெருவில் வாங்கிய 1 பிகோஃபாரட் கெபாசிட்டருக்கு மாடல் எங்கே கிடைக்கும்?

பார்ட் நம்பர் இல்லாத உதிரிக்கு மாடல் கிடையாது. 0402 உடம்பில் எழுத்து எதுவும் அச்சாகியிருக்காது. கலந்து போனால் எது 1, எது 10 என்று கண்ணால் சொல்ல முடியாது. மதிப்பு சரியாக இருந்தாலும் டாலரன்ஸ் இருக்கிறது. பார்ட் நம்பரின் நடுவில் சி என்ற எழுத்து வந்தால் கூட்டியோ குறைத்தோ 0.25 பிகோஃபாரட். 100 பிகோஃபாரட்டில் அது தூசு, 1 பிகோஃபாரட்டில் கால் பங்கு. பி என்றால் 0.1. மேட்சிங்குக்கு பி-யைவிடத் துல்லியம் குறைந்ததை வாங்காதீர்கள், டைஎலக்ட்ரிக் சி0ஜி (வெப்பத்தில் மதிப்பு அதிகம் மாறாத வகை) என்று கேட்டு வாங்குங்கள். கடையில் ரீலிலிருந்து வெட்டித்தான் கொடுப்பார்கள். வெட்டுவதற்கு முன்னால் ரீலின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டில் எதுவும் இருக்காது, தயாரிப்பாளரின் தளத்தில் மாடலைத் தேட அந்த நம்பர்தான் வேண்டும்.